இருதயத் தடையும் தூண்டு மருந்தும்

நெஞ்சுநோயைப் பற்றிப் பேசுவோர் பலர் 'அடைப்பு' என்னும் ஒரு சொல்லாலேயே இருவேறு நோய்களைக் குறித்துவிடுகின்றனர். குருதிக்குழாய் அடைபடுதல் ஒன்று. இருதயத்தின் மேலறையினின்று கீழறைக்குச் செல்லவேண்டிய மின்னேவல் இடைவழியில் தடைபடுதல் மற்றொன்று. பின்னதனை 'இருதயத் தடை' எனப் பிரித்து வழங்குதலே நன்று. பெயர் மயங்கின், உற்றார் மருந்தின் நோக்கத்தையும் பிறழக் கொள்வர்.

அவ்வேவல் செல்லும் நார்க்கற்றையை 1893இல் ஹிஸ் என்பவரும், அதன் வாயிலாகிய கணுவை 1906இல் தவாரா என்னும் ஜப்பானியரும் கண்டு வெளியிட்டனர். வழி முற்றும் தடைப்பட்டால் மேலறைகள் தம்பாட்டில் துடிக்க, கீழறைகள் நிமிடத்திற்கு 20 முதல் 40 வரை தாமே துடிக்கும். மூளைக்குக் குருதி போதாது, மயக்கம் வரும்.

அந்நிலையில் ஐசோபிரினலின் என்னும் தூண்டு மருந்தைச் சிரைவழியே சிறிது சிறிதாகச் செலுத்துவதுண்டு. துடிப்பொன்றுக்கு 100 மில்லிலிட்டர் குருதி வெளிப்படுவதாகக் கொள்வோம். துடிப்பு 30 ஆயின் நிமிடத்திற்கு 3 லிட்டர்; மருந்தால் 45 ஆயின் 4.5 லிட்டர். கண்ணிருண்டு கிடந்தார் எழுந்து பேச இவ்வேறுபாடே போதியதாகலாம்.

இதனைச் சோர்ந்த எருதைச் சாட்டையால் அடித்தலோடு ஒப்பிட்டு இகழ்வாருளர். அவ்வுவமை பொருந்தாதென்பதே எம் துணிபு. அது சோர்ந்த எருதன்று. உழவன் குரல் எட்டாத் தொலைவில் நிற்கும் எருது. ஆயினும் மருந்தின் விலை சிறிதன்று. இருதயத்தசையின் பிராணவாயுத் தேவை மிகும். முறைபிறழ்ந்த துடிப்புகள் தோன்றலாம். செலுத்துதல் நின்ற சில நிமிடங்களில் பயனும் நின்றுவிடும்.

அத்ரோபின் செய்வது இன்னும் விந்தை. அது கணுவை அடக்கும் நரம்பின் பிடியைத் தளர்த்துவது. தடை கணுவிலேயே இருப்பின் பெரும்பாலும் நலம் செய்யும். கணுவுக்குக் கீழே இருப்பின்? மேலறை 80 முறை துடிக்க, இரண்டிலொன்று கடந்து நாடி 40 ஆக இருந்ததென்போம். மருந்தால் மேலறைத் துடிப்பு 105 ஆக, பழுதுற்ற வழி மூன்றிலொன்றையே விடுமாயின் நாடி 35 ஆகும். ஊக்க வந்த மருந்தே நாடியைத் தாழ்த்திவிடும்! தடையின் இடம் அறியுமுன் மருந்தைப் புகழ்தலும் இகழ்தலும் வீண்.

"நாடி ஏறிவிட்டதே, இனிக் கருவி எதற்கு?" என உறவினர் வினவுதல் இயல்பே. வேறு மருந்தின் மிகுதி போன்ற நீங்கும் காரணத்தால் வந்த தடை தானே விலகலாம். அப்போது கருவி வேண்டா. வழியே சிதைந்திருப்பின், தூண்டு மருந்து அதனைச் செப்பனிடுவதில்லை. கருவி பொருத்துங்காறும் உயிரைக் காத்து நிற்பதே அதன் பணி. அப்பணியைச் சிறிதென்று எண்ணுதல் தகாது. முழுக் குணமென்று எண்ணி அறுவையைத் தள்ளிப்போடுதலோ உயிர்க்கே இடர்.

1958 அக்டோபர் 8ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில், எல்ம்க்விஸ்ட் அமைத்த துடிப்புக் கருவியைச் செனிங் என்னும் அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பாரின் உடலுள் வைத்தார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது, மற்றொன்று வைக்கப்பெற்றது. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வாழ்ந்த லார்சன், அவ்விருவரும் மறைந்த பின்னரே, 2001இல் தம் 86ஆம் வயதில் இறந்தார்.