நீட்சியும் அமானிதமும்

தமிழில் தட்டச்சு செய்வதற்கென உலாவியில் நாம் பொருத்திக்கொள்ளும் நீட்சி ஒன்று, நிறுவப்படும் வேளையில் ஓர் இசைவு கேட்கிறது. நாம் காணும் எல்லா இணையப் பக்கங்களிலும் உள்ளவற்றைப் படிக்கவும் மாற்றவும் உரிமை வேண்டும் என்பதே அது. விரல் தொடும் ஒவ்வொரு விசையையும் அறிந்தாலன்றி, 'அம்மா' என்று திரையில் எழுதிக் காட்ட அதனால் இயலாது. வங்கிக் கடவுச்சொல்லைக் களவாடும் நிரலுக்கும் இதே உரிமை போதும். இம்மியும் கூடுதலாக வேண்டியதில்லை.

பெரம்பலூர், அரியலூர் வட்டார மாணவர்க்கு இஃது அயலார் சிக்கலன்று. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும், வளைகுடாவிலிருந்து தந்தை அனுப்பிய பணத்தைச் சரிபார்ப்பதும், துறைக் கருத்தரங்கிற்குக் கட்டுரை எழுதுவதும் பெரும்பாலும் ஒரே உலாவியில்தான்.

'தமிழா' குழுவினர் ஃபயர்பாக்ஸ் உலாவிக்குத் 'தமிழ்விசை' நீட்சியை ஆக்கித் தந்த காலத்தில், முத்திரை இல்லாத நீட்சியையும் உலாவி ஏற்றது. விரும்பியோர் ஆக்கினர், விரும்பியோர் நிறுவினர். களவு நிரல்களும் அதே வாசல் வழியே நுழைந்தன. எனவே 2014இல் கூகுள் நிறுவனம், விண்டோஸ் கணிப்பொறிகளில் பொதுப் பயனர்கள் தன் அங்காடிக்கு வெளியிலிருந்து குரோம் நீட்சிகளை நிறுவுவதைத் தடுத்தது. மொசில்லாவோ 2016 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 48ஆம் பதிப்பு முதல் தன் மின்னொப்பம் இல்லாதவற்றை ஏற்க மறுத்தது. ஆயினும் ஒப்பம் பெற்ற நீட்சியை ஆக்கியோர் தம் சொந்தத் தளத்திலேயே வழங்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. இவ்வழியே சிறந்தது என்பது நம் துணிபு. ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் தமிழுக்கு நிரல் எழுதும் இருவர் மூவர்க்கு ஓர் அங்காடியின் தயவு ஒன்றே வழியென்றால், அது மறுக்கப்படும் நாளில் இழப்பு தமிழுக்கன்றோ?

முத்திரையை முற்றிலும் நம்புவோரும் உளர். 2019 மே மாதத்தில் மொசில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியாக, உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் நீட்சிகள் ஒரே நேரத்தில் முடங்கின. அதுகூடச் சில நாளில் தீர்ந்த தொல்லை. குரோம் அங்காடியில் இருந்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' நீட்சியின் கதை வேறு. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய அது 2020இல் விலைக்குக் கைமாறியது. தீங்கு நிரல் உள்ளதெனக் கூகுள் அதனை நீக்கியது 2021 பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்களில் உலாவி எவரிடமும் மறு இசைவு கேட்கவில்லை. பழைய உரிமையாளருக்குத் தந்த இசைவே புதியவர்க்கும் செல்லுபடியாயிற்று.

நம் வீடுகளில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. நம்பி ஒப்படைத்த பொருளை, ஒப்படைத்தவரைக் கேளாமல் மூன்றாமவர் கையில் கொடுத்தல் ஆகாது. நீட்சிக்குத் தரும் இசைவும் அத்தகையதே. ஆதலின் உரிமை கைமாறும் அக்கணமே நீட்சி செயலற்றுப்போய், புதியவர் யாரெனச் சொல்லி மீண்டும் இசைவு கேட்டல் வேண்டும். கதவை இன்னும் இறுக்குவதைவிட இவ்விதியே இன்றைய முதல் தேவை.

சொந்தக் கணிப்பொறியில் மாணவர் தாமே தெரிவு செய்க. பலர் கை படும் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் அவ்வுரிமை பொருந்தாது. அங்கே ஒருவர் நிறுவுவது அடுத்து அமர்பவரின் கடவுச்சொல்லையும் தொடும். பட்டியலில் உள்ள நீட்சிகளை மட்டும் ஏற்கும் ஏற்பாடு குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் உண்டு. இயங்குதளங்களிலேயே தமிழ்99 விசைப்பலகை அமைந்துவிட்ட இந்நாளில் அப்பட்டியல் நீள வேண்டியதில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் ஒருமுறை கூடி அமர்ந்தால் முடிந்துவிடும் வேலை இது.