தீர்ந்ததா, தணிந்ததா?

தைராய்டு மிகைச்சுரப்புக்கு ஒன்றரை ஆண்டு மாத்திரை உட்கொண்டவரின் இரத்தப் பரிசோதனை சீராக வந்ததும், 'குணமாகிவிட்டது' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அந்த ஒரு சொல்லில்தான் பிழை இருக்கிறது.

இந்நோய்க்கு மிகப் பரவலான காரணம் கிரேவ்ஸ் நோய். உடலின் தற்காப்பு அமைப்பே உருவாக்கும் எதிர்ப்பொருள், தைராய்டின் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு அதனை ஓயாமல் சுரக்கவைக்கிறது. கார்பிமசோல், மெத்திமசோல் போன்ற மருந்துகள் சுரப்பைக் கட்டுப்படுத்துகின்றன. எதிர்ப்பொருள் அடங்கியதா என்பது வேறு கேள்வி. வழக்கமான 12 முதல் 18 மாதச் சிகிச்சையை நிறுத்தியபின் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே.

யாருக்குத் திரும்பும்? 2016இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 'கிரேட்' என்னும் மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். சிகிச்சை தொடங்குமுன்பே வயது, இரத்தத்தில் தைராக்சின் அளவு, எதிர்ப்பொருளின் அளவு, கழுத்து வீக்கத்தின் பருமன் ஆகிய நான்கைக் கொண்டு மதிப்பெண் இடும் முறை அது. அவர்களின் ஆய்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பிரிவில் ஏறத்தாழ அறுவரில் ஒருவருக்கும், மிக உயர்ந்த பிரிவில் மூவரில் இருவருக்கும் நோய் திரும்பியது.

இதைத் தலைகீழாகவும் படிக்கவேண்டும். 'ஆபத்து குறைவு' எனப்பட்டோரிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் தப்பவில்லை. 'ஆபத்து மிகுதி' எனப்பட்டோரிலும் மூன்றில் ஒரு பங்கினர் தப்பினர். மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிய கூற்று. தனியொருவர் மீதான தீர்ப்பன்று.

ஆனால் அது பயனற்றதுமன்று. விரைவில் கருவுற விரும்பும் ஓர் இளம்பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். இம்மருந்துகள் கருவின் தொடக்க மாதங்களில் பிறவிக் குறைபாட்டுக்கு இடந்தரக்கூடியவை. மீள்வரவின் வாய்ப்பை முன்னரே அறிந்தால், அறுவை, கதிரியக்க அயோடின், மாத்திரை ஆகியவற்றுள் எதை, எப்போது என்று அவர் மருத்துவருடன் கலந்து முடிவெடுக்க இயலும். மருந்தை நிறுத்துமுன் எதிர்ப்பொருளை மீண்டும் அளந்து பார்க்கவேண்டும் என்று ஐரோப்பியத் தைராய்டு சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுவதும் இதனாலேயே.

வாய்ப்புக் கணக்கைச் சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்பது வழக்கமான மறுப்பு. 'குணமாகிவிட்டது' என்று நம்பியவரோ, படபடப்பும் எடையிழப்பும் திரும்பும்போது அவற்றை வேலைப்பளு என்றோ மனப்பதற்றம் என்றோ கருதி மாதங்களை இழக்கக்கூடும். தம்மிடமே குற்றம் தேடவும்கூடும்.

தீர்தல் வேறு, தணிதல் வேறு. கடன் தீரும், காய்ச்சல் தணியும், மீண்டும் ஏறவும் செய்யும். நீறு பூத்த நெருப்பைத் தமிழ் நன்கறியும். 'நோய் தணிந்திருக்கிறது, ஓராண்டுக்குக் கவனமாய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லக் கூடுதலாக ஒரு நிமிடமும் ஆகாது. அந்தச் சொல் நோயாளிக்கு உரியது.