அடுப்பங்கரையும் மின்சாரக் குக்கரும்

சென்ற வாரம் உத்திரமேரூர் தாலூகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்துத் தோழர் நம்மைக் காண வந்திருந்தார். பேச்சுவாக்கில் தம் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னார். கேட்பதற்குச் சிறு சங்கதியாய்த் தோன்றினாலும் அதைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டியது அவசியமென்று நமக்குப் படுகின்றது.

அத்தோழரின் மனைவியார் ஒரகடம் பக்கத்திலுள்ள ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் ஊர் முனையில் வந்து நின்றுவிடும். ஆதலால் அந்தம்மாள் மூன்றரை மணிக்கு எழுந்து சோறும் குழம்பும் ஆக்கி, குழந்தைகளுக்கும் கணவனுக்கும் மாமியாருக்கும் மூடி வைத்துவிட்டுத் தமக்கும் டப்பாவில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இந்தக் கஷ்டத்தைப் பார்த்து, தோழர் சில ஆயிரம் ரூபாய் செலவழித்து ஒரு மின்சாரக் குக்கர் வாங்கி வந்தாராம். வந்தது குக்கர், கிளம்பியது கலகம்! தோழரின் தாயார், முதலில் ஐயரிடம் நாள் பார்த்துவிட்டுத்தான் அதில் அரிசி போட வேண்டுமென்றாராம். பிறகு, கரண்டில் வெந்த சோற்றில் சத்து இருக்காது என்றாராம். கடைசியாக, நெருப்பு எரியாத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று சொல்லிக் கண்ணீரே விட்டுவிட்டாராம்.

அந்தத் தாயாரை நாம் குறை சொல்ல வரவில்லை. ஐம்பது வருஷ காலம் விறகுப் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஒரு பெண்ணிடம், நீ பட்ட பாடெல்லாம் ஒரு பட்டனில் அடங்கிவிட்டது என்று சொன்னால் அந்த மனம் என்ன பாடுபடும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். ஆனால் அந்தம்மாளுக்கு அப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்பதைத்தான் கேட்கின்றோம். அடுப்பு பற்ற வைக்க நல்ல நேரம், பால் காய்ச்ச நல்ல நேரம், மாதத்தில் மூன்று நாள் பெண்ணுக்கு அடுப்பங்கரையில் தீட்டு, மடி உடுத்திச் சமைத்தால் புண்ணியம் என்பதாக அடுப்பைச் சுற்றி இவ்வளவு வேலி போட்டவர்களில் எவனாவது ஒரு நாள் அதன் முன் உட்கார்ந்து ஊதியிருப்பானா?

நிற்க, குக்கரில் என்னதான் நடக்கிறதென்று பார்ப்போம். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அடியில் எவ்வளவு விறகைத் திணித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் ஆவியாய்ப் போகும். மூடியை இறுக்கி அந்த ஆவியை வெளியே விடாமல் அடக்கினால், உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் 115, 120 டிகிரி வரை சூடேறிய பிறகே கொதிக்கும். அவ்வளவு சூட்டில் பருப்பும் அரிசியும் வெகு சீக்கிரம் வெந்து விடுகின்றன. சங்கதி இவ்வளவே. இதில் அக்கினி பகவானுக்கும் வேலையில்லை, அன்னலட்சுமிக்கும் வேலையில்லை. பிரான்சு தேசத்தில் பிறந்து, மத வெறியர் ஆட்சியால் நாடு திரும்ப முடியாதுபோன தெனி பாப்பேன் என்பவர் 1679-ம் வருஷத்திலேயே இத்தகைய பாத்திரமொன்றைச் செய்து லண்டன் ராயல் சொசைட்டியாருக்குக் காட்டினார். எலும்பைக்கூட அது குழைத்துவிட்டது. பாத்திரம் வெடித்துவிடாமலிருக்க ஆவியை வெளியேற்றும் வால்வையும் அவரே அமைத்தார். நம் வீட்டுக் குக்கரின் தலையில் உட்கார்ந்து விசில் அடிக்கும் வெயிட்டுக்குப் பாட்டன் அதுதான்.

மின்சாரக் குக்கரில் இதோடு இன்னும் இரண்டு வசதி சேர்ந்திருக்கின்றது. அடியிலுள்ள தட்டு தானே சூடேறுகின்றது. உள்ளே வேண்டிய சூடும் அழுத்தமும் வந்ததும் கரண்டு தானே நின்று, குறைந்தால் திரும்பவும் வருகின்றது. குறித்த நிமிஷம் ஆனதும் வேலையை முடித்துக்கொண்டு சோற்றைச் சூடாக வைத்திருக்கின்றது. எத்தனை விசில் என்று எண்ணிக்கொண்டு எவரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இராத்திரியே அரிசியும் தண்ணீரும் போட்டு நேரம் குறித்து வைத்தால், காலையில் சோறு தயாராயிருக்கும்படியான குக்கர்களும் உண்டு. வெயில் காலத்தில் மட்டும் அரிசி அதிக நேரம் ஊறிப் புளித்துப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சத்து இருக்காது என்ற பேச்சுக்குச் சமாதானம் சொல்லுவோம். எந்த அடுப்பில் வேக வைத்தாலும் சில சத்துக்கள் சூட்டில் கொஞ்சம் அழியத்தான் செய்யும். ஆனால் பானையில் சோறு வடிக்கின்ற நாம், தண்ணீரில் கரையும் சத்துக்களைக் கஞ்சியோடு சேர்த்து மாட்டுத் தொட்டியில் ஊற்றுகின்றோம். குக்கரிலோ தண்ணீர் முழுவதையும் அரிசியே குடித்துவிடுவதால் அந்த நஷ்டம் இல்லை. கஞ்சி வடிக்காத சோற்றால்தான் சர்க்கரை வியாதி வருகிறதென்று சிலர் சொல்லுகின்றனர். வடித்தால் கொஞ்சம் மாவு போவது மெய்தான். ஆனால் மூன்று வேளையும் தட்டு நிறையச் சோற்றைக் குவித்துக்கொண்டு, பருப்பையும் கீரையையும் விரல் நுனியால் தொட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு வடித்த சோறு மட்டும் என்ன காவல் செய்துவிடும்?

சத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் புகையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? விறகு, வறட்டி, கரி முதலியவைகளால் வீட்டுக்குள் எழும்பும் புகைக்கு 2020-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 32 லட்சம் பேர் பலியானதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடுப்பில் திணித்து, கண்ணெரிய இருமிக்கொண்டு ஊதுகிற பெண்ணிடம் லட்சுமி தங்கியிருந்தாள் என்றால், அந்த லட்சுமி எவ்வளவு கல் நெஞ்சக்காரியாய் இருக்க வேண்டும்!

செலவுக் கணக்கும் பார்த்துவிடுவோம். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரணமாய் ஒரு வேளைச் சமையலுக்குத் தட்டில் கரண்டு ஏறியிருக்கும் நேரம் இருபது நிமிஷமென்று வைத்துக்கொண்டால், யூனிட்டில் மூன்றில் ஒரு பாகம் ஆகும். தினம் இரண்டு வேளைக்கு இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டுக் கரண்டு இலவசம் என்று 2016-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் உத்திரவு போட்டது. விளக்கு, விசிறி, டி.வி. எல்லாம் சேர்ந்தால் நூறைத் தாண்டிவிடும் என்பது மெய்யே. ஆனாலும் விறகுச் சுமைக்கு நடக்கும் நடைக்கும், இருமலுக்கு வாங்கும் மருந்துக்கும் கணக்குப் போட்டால் எது மலிவு என்பது தெரியும்.

இத்தனையும் தோழரிடம் சொல்லி, தாயாரிடம் சாந்தமாய் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம். அவரும் மகிழ்ந்தார். போகிற போக்கில், "இப்போது குக்கரில் அரிசி களைந்து போட்டுப் பட்டனை அமுக்குவது யார்?" என்று கேட்டோம். தோழர் சற்றுத் திகைத்து, "அவள்தானுங்க" என்றார். "பஸ் எத்தனை மணிக்கு?" என்றோம். "ஐந்து மணிக்குத்தான்" என்றார். "அவர் இப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்?" என்று கேட்டதற்கு, "நாலு மணிக்கு" என்றார். அப்பொழுது தோழர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தோழர்களே! நாம் இத்தலையங்கம் எழுத உட்கார்ந்தது குக்கருக்காக அல்ல. இந்த அரைமணி நேரத்துக்காகத்தான்.

இயந்திரம் வந்தால் பெண்ணின் பாரம் தானாகவே குறைந்துவிடும் என்று நம்முடைய இயக்கத்தாரிலேயே பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது பாதிதான் மெய். அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆராய்ச்சிக்கார அம்மையார் 1983-ம் வருஷம் எழுதிய புத்தகத்தில், வீட்டுக்குள் புதுப் புதுச் சாமான்கள் வந்தபோதெல்லாம் ஆணும் பிள்ளைகளும் செய்துவந்த வேலை போயிற்றே தவிர, தாயின் வேலை குறையவில்லை என்பதை விவரமாய்க் காட்டியிருக்கிறார். அடுப்பு மாறினதும் விறகு பிளக்க வேண்டிய ஆண் விடுதலையானான்; சமைக்கிறவள் அங்கேயே நின்றாள். நம் நாட்டுக் கணக்கும் அப்படியே. இந்திய அரசாங்கத்தார் 2019-ல் எடுத்த காலக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்கிற பெண் ஒருத்தி அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம். செய்கிற ஆண் செலவிடுவது 97 நிமிஷம். அதிலும், அந்த வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். மற்ற 74 ஆண்களும் சோறு உண்ணாமலா இருந்தார்கள்?

ஜப்பானில் 1955-ம் வருஷம் டோஷிபா கம்பெனியார் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அதைச் செய்து கொடுத்தவர் மினாமி என்ற சிறு தொழிற்பட்டறைக்காரர் என்று எழுதுவார்கள். வெயிலிலும் குளிரிலும் திரும்பத் திரும்பச் சோறாக்கி, எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு சூட்டில் அரிசி வேகிறதென்று சோதித்தவர் அவர் மனைவியார் ஃபுமிகோ. உலகத்துக்கு அடுப்பங்கரை வேலையைக் குறைத்துக் கொடுப்பதற்கும் அடுப்பங்கரையில் ஒரு பெண்தான் நிற்க வேண்டியிருந்தது!

உத்திரமேரூர் என்றதும் கல்வெட்டு நினைவுக்கு வராமலிராது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலைச் சட்டத்தை ஜனநாயகத்தின் தாய் என்று புகழாதவர்கள் கிடையாது. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி அவர்களும் அதைப் புகழ்ந்தார். புகழட்டும். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை நாமும் மெச்சுகின்றோம். ஆனால் குடத்தில் யார் யார் பேர் விழுந்தது? சதுர்வேதி மங்கலத்தில் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும், 35 முதல் 70 வயதும் உள்ள ஆணின் பேர். நிலத்தை உழுதவன் பேரும் இல்லை, உழுதவனுக்கும் உடையவனுக்கும் சோறாக்கிப் போட்டவள் பேரும் இல்லை. சபை கூடிய மண்டபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அன்று மத்தியானம் சபையார் உண்ட சோற்றை ஆக்கியது யார் என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை இருக்கட்டும். உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவி சமையலறையில் இருக்க, தலைவியின் புருஷன் நாற்காலியில் இருக்கும் கிராமங்களை நாம் கண்ணால் கண்டிருக்கின்றோம். இக்காட்சியில் நம்மவர் வீடுகளும் உண்டென்று சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கின்றது. 1929 பிப்ரவரியில் இதே ஜில்லாவாயிருந்த செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமாய்ச் சொத்துரிமையும் எந்தத் தொழிலுக்கும் உரிமையும் வேண்டுமென்று தீர்மானம் செய்தது. சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருஷம், 1989 வரை, ஆயிற்று. தொழிலும் இன்று கிடைத்திருக்கின்றது. கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வருகின்றது. ஆனால் தொழிலுக்குப் போகிறவள் இரண்டு தொழில் செய்கிறாள். ஒன்றுக்குச் சம்பளம், மற்றொன்றுக்கு "பொறுப்பான மருமகள்" என்ற பட்டம். 2023 செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சீபுரத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் துவக்கியபோது, அது உதவியல்ல, பெண்ணின் வீட்டு உழைப்புக்கு உரிய உரிமை என்றார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்ட உழைப்பை வீட்டுக்காரன் ஒப்புக்கொள்ள எத்தனை மகாநாடு கூட்ட வேண்டுமோ தெரியவில்லை.

"ஆணுக்குச் சமையல் தெரியாதே" என்பார்கள். கலியாண வீட்டில் அண்டா அண்டாவாய்ச் சமைக்கிறவன் ஆண், ஓட்டலில் சம்பளத்துக்குச் சமைக்கிறவன் ஆண். கூலி இல்லாத இடத்தில் மாத்திரம் அவனுக்குக் கை வராது போலும்! அப்படியே தெரியாதென்றாலும், இந்த மின்சாரக் குக்கர் வந்த பிறகு அந்தச் சாக்குக்கும் இடமில்லை. ஆதலால் தெரியாத தோழர்களுக்காகவே சொல்லுகின்றோம். உள்பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு, கொஞ்சம் மஞ்சள் தூள், இரண்டு தக்காளி. அதற்குள் முக்காலியை வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தில் களைந்த அரிசியும் அளவான தண்ணீரும். பத்து நிமிஷம் குறித்துவிட்டால் சோறும் பருப்பும் ஒன்றாய் வெந்துவிடும். பிறகு புளியும் மிளகாய்த் தூளும் காயும் பருப்பில் சேர்த்துக் கொதிக்கவிட்டுத் தாளித்தால் குழம்பு. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பருப்பு, கடலை போன்ற நுரைக்கும் சாமானானால் பாதிக்கு மேலும் நிரப்பக்கூடாது. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிடக்கூடாது. மூன்று முனைப் பிளக்கை எர்த் உள்ள இடத்தில்தான் சொருக வேண்டும். நம் கிராமத்து வீடுகளில் பலவற்றுக்கு எர்த் என்பது பேருக்குத்தான் இருக்கின்றது, ஆதலால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மூடியிலுள்ள சிறு முள் தானாகக் கீழே இறங்குகிற வரையில் எவ்வளவு பசியானாலும் திறக்கக்கூடாது.

உண்டு முடித்த பிறகு மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்றுக் குழம்பின் வாசனை இன்றைய சோற்றில் வரும். நம் தோழருக்கு இதைச் சொன்னபோது, "அதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றார். அரிசியையும் அவரே களையட்டும் என்று சொல்லியனுப்பினோம். வரும் வாரம் வந்து, அந்தம்மாள் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று சொல்லுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.