டீ கிளாஸ் நழுவினால் வண்டியை எடு!

ஆட்டோ தோழர்களே!

போன மாதம் நம் ஸ்டாண்டில், காலை ஏழரை மணிக்கு, மூத்த தோழர் ஒருவரின் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. முப்பது வருஷம் ஹேண்டில்பார் பிடித்த வலது கை. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. என்னவோ சொன்னார், நாக்கு குழறியது. நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். "ராத்திரி போட்டது இன்னும் இறங்கலையா அண்ணே?" என்று கேட்டது யார் என்று இந்த நோட்டீஸில் எழுத மாட்டேன். பக்கத்தில் நின்று சிரித்தவர்களில் சங்கக் கிளைச் செயலாளரான நானும் ஒருவன்.

அப்புறம் ஒருவர் வாயுப்பிடிப்பு என்றார். ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்றினார், அது புரையேறியது. வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு சவாரிக்குக் கிளம்பிவிட்டோம். பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தார், காலும் விழுந்துவிட்டது என்று. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். தங்களிடம் சிடி ஸ்கேன் இல்லை என்பதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" ஏழரை என்றோம். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருக்கணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நம் ஸ்டாண்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு நிமிஷம். தினமும் நாம் சவாரி அடிக்கிற ரூட்.

தோழர்களே, அந்த நாலரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1995இல் அமெரிக்காவில் 624 பக்கவாத நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து முடிந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க ஆல்டிபிளேஸ் என்ற மருந்து. அடைப்பு வந்து 3 மணி நேரத்துக்குள் பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்து. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஊனம் இல்லாமலோ மிகக் குறைந்த ஊனத்தோடோ இருக்கும் வாய்ப்பு மருந்து பெற்றவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இனாமாகக் கிடைத்த வெற்றியில்லை. மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. மற்றவர்களில் அது 0.6 சதவீதம்தான். அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசியை யாரும் தொடுவதில்லை. 2008இல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வு 3 மணி நேரத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது.

நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று பீடி பற்றவைக்காதீர்கள். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாம் சிரித்து முடிக்க எத்தனை நிமிஷம் ஆனது?

2015இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. அவை சோதித்த முறையில், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை மூளை வரைக்கும் செலுத்தி, கட்டியையே பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வு, ஸ்கேனில் இன்னும் காப்பாற்றத்தக்க மூளை மிச்சமிருப்பதாகத் தெரிந்த சிலருக்கு 24 மணி நேரம் வரை இதைச் செய்யலாம் என்று காட்டியது. அந்தச் 'சிலரில்' நம் ஆள் இருப்பாரா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதற்கும் முதலில் ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர்ப்பது யார் வேலை? நம் வேலை. முப்பது வருஷ ஆராய்ச்சி ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நிற்கிறது. அந்த வாசலுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற ரோடு நம்முடையது.

ஆகவே கிளை முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். ஸ்டாண்டில் ஆகட்டும், வண்டியில் ஏறிய பயணி ஆகட்டும், ஒருவருக்குத் திடீரென வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் கீழே இறங்கினால், பேச்சு குழறினால், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். கேலி கிடையாது, ஆலோசனைக் கூட்டம் கிடையாது. உடனே 108. அவர்கள் வழியிலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்ல முடியும் என்பதால் அதுதான் முதல் வழி. வண்டி வர நேரமாகும் என்று தெரிந்தால் நாம் எடுக்கிறோம், மீட்டர் பேச்சே இல்லாமல். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு பேனாவால் அவர் கையிலேயே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தபோதே கை விழுந்திருந்தால் எழுந்த நேரத்தை எழுதக் கூடாது, ராத்திரி நன்றாகப் படுக்கப் போன நேரம்தான் கணக்கு. டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கு அந்தக் கை பதில் சொல்லும்.

வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சோடா, காபி, தண்ணீர் எதுவும். விழுங்கும் தசையும் விழுந்திருக்கலாம், ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மாத்திரையும் வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு: பக்கவாதத்தில் அடைப்பும் உண்டு, குழாய் வெடித்துக் கசிவதும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கசிவுக்காரருக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிபியைக் குறைத்தாலாவது நல்லதுதானே என்று சீனாவில் 2,404 பேரிடம் ஆம்புலன்ஸிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. கசிவுக்காரர்களுக்கு நன்மை, அடைப்புக்காரர்களுக்குக் கெடுதல், கூட்டிக் கழித்தால் பயன் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? புறா ரத்தம் தேய்ப்பது, விரல் நுனியில் ஊசியால் குத்துவது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம் குரூப்பில் போடுகிறவர்களை நான் நீக்கிவிடுவேன். இதில் ஜனநாயகம் இல்லை.

இன்னொன்று. கை மரத்து, பேச்சு போய், பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டது என்று நம்மில் இருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சரியானதால் சும்மா இருந்துவிட்டார்கள். அது எச்சரிக்கை மணி, தோழர்களே. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டில் இப்படிப்பட்டவர்களையும் லேசான பக்கவாதம் வந்தவர்களையும் காக்க வைக்காமல் உடனே பார்த்து மருந்து தொடங்கியபோது, அடுத்த 90 நாளில் மறுபடி பக்கவாதம் வருவது 80 சதவீதம் குறைந்தது. அன்றைக்கே போக வேண்டும். சவாரி நாளைக்கும் கிடைக்கும்.

வராமல் தடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கே தெரியும். 32 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் பத்து காரணங்களைப் பட்டியலிட்டது. பக்கவாதத்தில் சுமார் 90 சதவீதத்தை அவற்றின் கணக்கில் எழுதலாம். புகை, குடி, சர்க்கரை, உட்கார்ந்தே இருப்பது எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது ரத்த அழுத்தம். நம் அண்ணனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே பிபி இருந்தது. மாத்திரை சாப்பிட்டார், நார்மல் என்றார்கள், நிறுத்திவிட்டார். மாத்திரையால்தான் நார்மல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாமும்தான். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறது. நாம் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஸ்டாண்டுக்கு வந்து தாருங்கள் என்று சுகாதார நிலையத்தில் மனு கொடுப்போம்.

அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறார். கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, கை இன்னும் இல்லை. அண்ணிக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதைப் பற்றி நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து ஆய்வு நடந்திருக்கிறது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே வீட்டில் செய்வித்தால் கூடுதல் பலன் உண்டா என்று பார்த்தார்கள். 2017இல் வந்த விடை: வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை. அண்ணி செய்வது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் "வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி பிசியோதெரபிஸ்ட் பணியிடத்தைக் காலியாக வைப்பவர்களிடம் இந்த ஆய்வைக் காட்ட வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், மாவட்ட ஆஸ்பத்திரியில் ராத்திரியும் சிடி ஸ்கேன், இவை இரண்டும் நம் சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இந்த முறை எரிவாயு விலைக்கு மேலே வருகின்றன. முகம் சுளிப்பவர்கள் அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து பேசட்டும்.

கை வராது என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். ஆனால் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காகக் கண்ணாடி வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைக்க முயல்வது. 1999இல் அவரும் கூட்டாளிகளும் ஒன்பது பக்கவாத நோயாளிகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளும் கை அசைவு ஓரளவு கூடுவதைக் காட்டின. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி என்ன விலை? பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு வாங்கித் தருவோம். மதியம் இரண்டு பேர் முறை வைத்துப் போய் அவரோடு சீட்டாடுங்கள். அவர் வார்த்தை தேடும்போது நீங்கள் முடித்து வைக்காதீர்கள், காத்திருங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். பிபி மெஷின் கிளைப் பணத்தில் வாங்கியாயிற்று. எந்த ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமும் சிடி ஸ்கேனும் ஊசியும் உண்டு என்று மூன்று தோழர்கள் இந்த வாரம் நேரில் போய்க் கேட்டு வருகிறார்கள். அந்தப் பெயரையும் ரூட்டையும் அன்றைக்கே போர்டில் பெயிண்ட் அடிக்கிறோம். ஆளுக்கொரு பேனா கொண்டு வாருங்கள், அது வண்டியிலேயே இருக்கட்டும். டீயும் பீடியும் பிபி பார்த்த பிறகுதான்; முன்னால் அரை மணிக்குள் தொட்டிருந்தால் மெஷின் கூட்டிக் காட்டும்.