பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம், அக்காவிடமிருந்து போன்.

"டேய், இவன் யாரோ ஓட்டின ரேஸ் பைக்கை வாங்கப் போறானாம். வேண்டாம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிறான். நீ சொன்னாத்தான் கேப்பான். வந்து சொல்லிட்டுப் போ."

காஞ்சிபுரத்துக்குப் போனேன். மருமகனுக்கு 23 வயது, ஒரகடத்தில் வேலை. ஒன்றரை வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1,20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். அவன் கண் வைத்திருந்தது யமஹா ஆர்15 வி3 மேல். புதிது வாங்கப் பணம் போதாது, கடன் வாங்க இஷ்டமில்லை. "ஸ்கூல் படிக்கும்போதே ஆசை மாமா" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம்னா நமக்குத் தெரியாம வாங்குவான். நானும் கூடப் போறேன். நல்ல வண்டியா இருந்தா மட்டும் வாங்க விடறேன்" என்றேன். "உன்னை நம்பித்தான் விடறேன்" என்றாள். அதன் பிறகு எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது காசு கொடுத்து வாங்குகிற மாடு. பல்லைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.

படப்பை வண்டி

முதல் வண்டி படப்பை பக்கம். 2019 மாடல், ஓடியது 14,000 கிலோமீட்டர், விலை 95,000 ரூபாய். நீல நிறம், பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி நின்றது. சைலன்ஸர் வெளிக்கடையில் மாற்றியது. மாப்பிள்ளை அதன் மேல் உட்கார்ந்ததும் முகத்தில் பல்பு எரிந்தது.

நான் முதலில் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். சூடாக இருந்தது. நாம் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் வண்டியின் உண்மை தெரியும். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறதா, 'கடகட' சத்தம் வருகிறதா, புகை வருகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, பல். பின் சக்கரத்தில் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தேன். நல்ல ஸ்ப்ராக்கெட்டின் பல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தேய்ந்தால் அலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகிவிடும். இதில் கூராகத்தான் இருந்தது. டிஸ்க்கின் மேல் விரலை ஓட்டினால் விளிம்பில் ஒரு மேடு தட்டியது, அவ்வளவு தேய்மானம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். '2319' என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. இந்த 2019 வண்டியின் இரண்டு டயர்களும் 2023-ல் தயாரானவை.

14,000 கிலோமீட்டரில் டயரும் டிஸ்க்கும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து தேய்ந்துபோகுமா? கணக்கு உதைத்தது. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் சர்வீஸ் சென்டரில் இருக்கிறான். வண்டி எண்ணைச் சொன்னோம். கடைசியாக அங்கே சர்வீஸுக்கு வந்தபோது அது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது!

மீட்டர் மட்டும் பின்னோக்கி ஓடியிருக்கிறது.

விழுந்த வண்டி சொல்லாது, காட்டும்

இந்த வகை பைக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண பைக் விழுந்தால் அடி வெளியே தெரியும். ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சுற்றி ஃபேரிங் என்ற பிளாஸ்டிக் சட்டை இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் உள்ளே பட்ட அடி மறைந்துவிடும். அதனால் சட்டையைப் பார்க்காமல் மூட்டுகளைப் பாருங்கள்.

ஹேண்டில் பாரின் நுனி, க்ளட்ச், பிரேக் லீவர்களின் முனை, ஃபுட் ரெஸ்ட்டின் ஓரம் ஆகிய மூன்றும் தரையில் முதலில் உரசும் இடங்கள். ஹேண்டிலை முழுவதும் இடது, வலது திருப்பி, கழுத்துப் பகுதியில் அது முட்டி நிற்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். அங்கே நசுங்கியோ வளைந்தோ இருந்தால் வண்டி பலமாக மோதியிருக்கலாம். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் 'டக் டக்' என்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கும் கோன் செட்டும் சரிசெய்யக்கூடியவை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஃபிரேமில் வளைவோ வெல்டிங் வைத்த அடையாளமோ இருந்தால் விலையே பேசாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

படப்பை வண்டியில் ஸ்டாப்பர் நசுங்கியிருந்தது. மாப்பிள்ளை அப்போதும், "விலை கம்மி பண்ணிக் கேக்கலாமா மாமா?" என்றான். அதற்குள் விற்பவரே பதில் சொல்லிவிட்டார். "தம்பி, ஆர்.சி. என் பேர்ல இல்ல. எனக்கு முன்னாடி இருந்தவர் பேர்லதான் இருக்கு. கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு. நீங்க அப்புறமா மாத்திக்கலாம்."

வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம்.

காகிதத்தில் இருக்கிறது உயிர்

'அப்புறமா மாத்திக்கலாம்' என்ற வார்த்தையில் எத்தனை குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன தெரியுமா? விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு வந்தால், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டியை விற்றுவிட்டேன், கைமாறிவிட்டது என்று சொன்னாலும் பொறுப்பு போகாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே இது வாங்குகிறவர் கவலை மட்டும் இல்லை. விற்கிறவர்தான் அதிகம் பயப்படவேண்டும்.

ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். படிவம் 29, படிவம் 30 இரண்டும் தேவை. கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அந்தப் பெயரை நீக்கவேண்டும். ஆர்.சி-யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்ததோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் பைக் என்றால் இருக்க வாய்ப்பு அதிகம்!

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது டூவீலர்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே போடப்பட்டது. 2019-ல் வாங்கிய வண்டிக்கு அது 2024-லேயே முடிந்திருக்கும். 'அஞ்சு வருஷம் போட்டிருக்கு சார்' என்றால் தேதியைப் பாருங்கள். காப்பீடு இருந்தால், வாங்கிய 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. அது ஆளுக்கு, வண்டிக்கு இல்லை.

செங்கல்பட்டு வண்டி

இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஆர்15. இதுவும் 2019 மாடல்தான், 27,000 கிலோமீட்டர், 1,02,000 ரூபாய். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஸ்கூட்டருக்கு மாறுகிற ஒரு ஐ.டி. இளைஞரின் வண்டி. டேங்கில் இரண்டு கீறல், நிறம் கொஞ்சம் மங்கல். மாப்பிள்ளைக்கு முதல் பார்வையில் பிடிக்கவில்லை.

ஆனால், சைலன்ஸர் கம்பெனியோடு வந்தது. சர்வீஸ் பில்கள் ஒரு கவரில் வரிசையாக இருந்தன. இரண்டு சாவியும் இருந்தன. "காலையிலிருந்து ஸ்டார்ட் பண்ணல, நீங்களே பண்ணிப் பாருங்க" என்றார் அவர். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. ஏபிஎஸ் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைந்தது. இந்த விளக்குகள் சாவி போட்டவுடன் எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். கோளாறு தெரியாமல் இருக்க இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஏபிஎஸ் என்றதும் இன்னொன்று. வி3 இந்தியாவில் 2018-ல் வந்தபோது அதில் ஏபிஎஸ் கிடையாது. 2019 தொடக்கத்தில்தான் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் வந்தது. பார்க்க இரண்டும் ஒரே வண்டிதான். நாலைந்தாயிரம் விலை குறைகிறது என்று ஏபிஎஸ் இல்லாததை வாங்கிவிடாதீர்கள். மழைத் தண்ணீரில் திடீர் பிரேக் பிடிக்கும் அந்த நொடியில், வித்தியாசம் உயிருக்கானது.

பேசி 97,000-க்கு முடித்தோம். அன்றே படிவங்களில் கையெழுத்து, அந்த வாரமே பெயர் மாற்ற விண்ணப்பம்.

கையிருப்பு வையுங்கள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடக் கூடாது. மீதியிருந்த 23,000 ரூபாயை மாப்பிள்ளை இப்படிச் செலவழித்தான்: செயின் ஸ்ப்ராக்கெட் செட், இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், இன்ஷூரன்ஸ். மிச்சத்தில் முகம் முழுக்க மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட், கையுறை. பழைய வண்டி எதுவானாலும் முதல் வாரத்திலேயே எண்ணெய் வகைகளை எல்லாம் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு உங்கள் கணக்கு சுத்தமாகத் தொடங்கும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை.

செயின்: 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனே, துடைத்து லூப் அடியுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். இன்ஜினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது. விரல் போன கதைகள் ஏராளம். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பின் சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, கையால் சுற்றித் துடையுங்கள்.

ஆயில்: க்ளட்ச்சும் இதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயில் ஊற்றினால் க்ளட்ச் வழுக்கலாம். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' வகை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

கூலன்ட்: தண்ணீரால் குளிரும் இன்ஜின் இது. அதற்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரில் உப்புப் படியும். கூலன்ட்தான் ஊற்றவேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

பிரேக் ஆயில்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

டயர்: வாரம் ஒருமுறை, வண்டி ஓட்டுவதற்கு முன் காற்று பாருங்கள். பின்னால் 140 அளவு டயர்தான் இதற்கு. அகலமாக இருந்தால் அழகு என்று பெரிதாகப் போட்டால், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

இந்த நான்கு வாரத்தில் மாப்பிள்ளை இதையெல்லாம் தவறாமல் செய்கிறான். ஞாயிறு காலையில் செயின் துடைக்கும்போது அக்கா திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். போன வாரம் பெயர் மாறிய ஆர்.சி. வந்தது. அக்கா அதை வாங்கி, பையன் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

நேற்று மறுபடியும் போன். "வண்டி நல்லாத்தான்டா இருக்கு. ஆனா, அந்தப் பின் சீட்டுல ஏறி உட்கார முடியல. கூரை மேல ஏறுற மாதிரி இருக்கு. கோயிலுக்கு நான் எப்படிப் போறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததாக அக்காவுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் பார்க்க வேண்டியிருக்கும். அதையும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான்!

அடுத்த வாரம் சந்திப்போம்.