கேசிங் இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம்

போன மாசம் மந்தைவெளியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு குடித்தனம் இருக்கிற அடுக்குமாடி. நான் போன அன்றைக்கே கீழே கார் நிறுத்துற இடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பழைய போர் தண்ணி கரிக்குது, புதுசா ஒண்ணு போடணும். ஒருத்தர் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிட்டு வரலாம் என்றார். இன்னொருத்தர், "பக்கத்து பில்டிங்ல 200 அடி போட்டாங்க. நாம 300 போட்டுடுவோம், பிரச்சினை முடிஞ்சுது" என்றார்.

மருமகன் சும்மா இருக்காமல், "எங்க மாமா விவசாயி, நாலஞ்சு போர் போட்டவர், அவரைக் கேளுங்க" என்று என்னை மாட்டிவிட்டுவிட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பழைய போர் போட்டப்போ எத்தனை அடியில என்ன மண்ணு வந்துச்சுன்னு யாராவது குறிச்சு வச்சிருக்கீங்களா? லாகிங் எடுத்தீங்களா?"

ஒருத்தரும் பேசவில்லை. லாகிங் என்றால் என்ன என்று செயலாளர்தான் மெதுவாகக் கேட்டார். படித்தவர்கள் நிறைந்த மயிலாப்பூர் பக்கத்திலேயே இந்த நிலைமை என்றால் நம்ம ஊரில் எப்படித் தெரியும்? அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2017 வறட்சியில் கிணறு அடி காய்ந்துபோச்சு. தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போர் போட்டேன். 170 அடியில் கொஞ்சம் ஈரம் வந்தது. அப்புறம் வெறும் புகைதான். "இன்னும் ஐம்பது அடி போனா ஊத்து அடிச்சுடும்ணே" என்று போர் வண்டிக்காரர் சொல்லச் சொல்ல 640 அடிக்குப் போனேன். ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் ஏறும், தெரியும்ல? மனசு ஆறாமல் இருபது மீட்டர் தள்ளி இன்னொன்று, 580 அடி. ரெண்டுக்கும் சேர்த்து வீட்டுக்காரி வளையல் அடகுக்குப் போச்சு.

ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்த ஜியாலஜிஸ்ட் ஒருத்தர் வந்து ரெண்டு குழியிலும் கருவியை இறக்கி அளந்தார். 170 அடி வாக்கில் கோடு கீழே சரிந்து ஏறுது. அதுதான் வெடிப்பு. 200க்குக் கீழே 600 வரைக்கும் ஒரே கல். அவர் அந்தத் தாளைக் கையில் கொடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. முதல் குழியை அளந்த பிறகு ரெண்டாவதைத் தொடங்கியிருந்தால் அது 250 அடியோடு நின்றிருக்கும்.

அந்தக் கருவி என்ன செய்யுது? ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம் இல்லையா, அதே விஷயம்தான். காய்ந்த கல்லில் மின்சாரம் ஓடாது. கல்லில் வெடிப்பு இருந்து அதில் தண்ணி நின்றால் ஓடும். தண்ணியில் உப்பு கூடினால் இன்னும் நன்றாக ஓடும். எவ்வளவு தடுக்குது என்பதுதான் மின்தடை, ஓம்-மீட்டரில் சொல்வார்கள். வெடிப்பில்லாத கருங்கல் ஆயிரக்கணக்கில் காட்டும். சிதைந்த பாறையில் நல்ல தண்ணி நின்றால் பத்துகளிலிருந்து நூறு, நூற்றைம்பது வரைக்கும் வரும். களிமண் பத்துக்குப் பக்கத்தில், சில சமயம் அதற்கும் கீழே. கடல் தண்ணி கிட்டத்தட்ட 0.2தான்.

பிரான்சைச் சேர்ந்த ஷ்லும்பெர்ஜர் சகோதரர்கள் முதலில் இதைத் தரைக்கு மேலே நின்று செய்தார்கள். 1927 செப்டம்பரில் அங்கே பெஷல்பிரான் எண்ணெய் வயலில், அவர்களுடைய ஆட்கள் முதல்தடவையாகக் குழிக்குள்ளேயே கம்பியை இறக்கி அடிக்கு அடி அளந்தார்கள். உலகத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற யாரும் இன்றைக்கு லாக் எடுக்காமல் விடமாட்டார்கள். தண்ணிக்குத் தோண்டுகிற நாம்தான் விட்டுவிடுகிறோம்.

தரைக்கு மேலே அளக்கிறது நமக்குப் பழக்கம். நாலு கம்பி நட்டு, ரெண்டில் மின்சாரம் விட்டு, நடுவில் இருக்கிற ரெண்டில் அளப்பார்கள். வெளிக் கம்பிகளை அகட்ட அகட்ட ஆழம் தெரியும். நூறு மீட்டர் ஆழம் பார்க்க முந்நூறு, நானூறு மீட்டராவது நேர்க்கோட்டில் வயர் இழுக்கணும். நம்ம வரப்பில் இழுத்துவிடலாம். தி.நகர் ரங்கநாதன் தெருவில் எங்கே இழுப்பது? மயிலாப்பூர் மாட வீதியில் எங்கே கம்பி நடுவது? தரைக்கடியில் கரண்ட் கேபிள், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை. எல்லாம் அளவைக் கெடுத்துவிடும். அதனால் ஊரைவிடச் சென்னைக்குத்தான் குழிக்குள் இறக்கி அளப்பது அதிகம் தேவை. அளக்கிற கருவிக்கு அங்கே கிடைக்கிற ஒரே இடம் அந்த ஆறு அங்குலக் குழிதான்.

சென்னைக்குக் கீழே இருப்பதும் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. பரங்கிமலை, பல்லாவரத்தில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரர் கல்லறையில் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் வைத்த பெயர். நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துக் கருங்கல்லும் இதே இனம்தான். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் இது மேலேயே கிடைக்கும். கடற்கரைப் பக்கம் போகப் போக மேலே மணல், களி, மறுபடி மணல், அப்புறம் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கல். எது எத்தனை அடி என்பது தெருவுக்குத் தெரு மாறும்.

தி.நகரை எடுத்துக்குங்க. 1920களில் அந்த நகரையே மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் இன்னும் இருக்கு. ஏரி வண்டல் அள்ளின நமக்கு ஏரிக்கடியில் களி இருக்கும் என்று சொல்லித் தரணுமா?

இப்போது அதே பூமிக்குள் மெட்ரோ ரயில் போகுது. 2023இல் கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு ஆற்றுக்கு அடியில் துளைக்க இறக்கின ரெண்டு இயந்திரத்துக்கு காவேரி, அடையாறு என்று பெயர் வைத்தார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பினது ஃபிளமிங்கோ. அந்த இயந்திரங்களை இறக்குறதுக்கு முன்னால் வழி நெடுகக் குழி போட்டு, மண்ணையும் பாறையையும் மாதிரி எடுத்து, பெட்டியில் அடுக்கி, ஆழம் எழுதி வைத்தார்கள். களியில் ஓடுகிற வெட்டுத்தலை வேறு, கருங்கல்லை அரைக்கிற பல் வேறு. பாதி களி, பாதி கல் என்று வந்தால் பெரிய தலைவலி. அதனால் அவர்கள் பார்க்காமல் இறங்க மாட்டார்கள். அதே தெருவில் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து சில லட்சம் போட்டு இறங்கும்போது மட்டும் தேங்காய்.

சரி, லாக் எடுத்தால் மந்தைவெளிக்காரருக்கு என்ன லாபம்? கரிக்காத தண்ணி. கடலோரத்தில் நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல் மிதந்து நிற்கும். கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே நாற்பது அடி நல்ல தண்ணி இருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் உப்பு அடியிலிருந்து நாற்பது அடி ஏறிவரும். நடுவில் களியும் பாறையும் இருக்கிற இடத்தில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆனாலும் "இன்னும் நூறு அடி போவோம்" என்பது கடலோரத்தில் தண்ணிக்கு வழி இல்லை, உப்புக்குத்தான் வழி.

அதைவிட மோசம், ஃபில்டர் பைப்பைத் தப்பான ஆழத்தில் வைப்பது. மேல் மணலில் நல்ல தண்ணி, நடுவில் களி, கீழ் மணலில் உப்பு என்று வைத்துக்குங்க. ரெண்டு மணலுக்கும் நேராக ஓட்டைப் பைப்பை வைத்துவிட்டால், அந்தக் களி இத்தனை காலமாகப் பிரித்து வைத்திருந்த ரெண்டு தண்ணியையும் நாமே குழாய் போட்டுச் சேர்த்துவிடுகிறோம். நம்ம போர் மட்டுமா கெடும்? பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். லாக் தாளில் உப்பு மணல் எங்கே தொடங்குது என்று கோடு விழுந்துவிடும். அதுக்கு மேலேயே நிறுத்தி, அடியைக் களியோ சிமெண்டோ போட்டு அடைத்துவிடலாம்.

இங்கேதான் நேரம் முக்கியம். நம்ம ஊர்க் கல்லில் குழி இடியாமல் நிற்கும். ஆறு மாசம் கழித்தும் அளக்கலாம், நான் அளந்தேன். மயிலாப்பூர், அடையாறு மணலில் குழி நிற்காது. சேற்றுத் தண்ணியை நிரப்பித்தான் நிறுத்தி வைப்பார்கள். பிளாஸ்டிக் கேசிங் இறங்கிவிட்டால் இந்தக் கருவியின் மின்சாரம் மண்ணுக்குள் போகாது, இரும்பு கேசிங் என்றால் அளவே பொய். ஆக, துளை முடிந்து கேசிங் இறங்குகிற வரைக்கும் இருக்கிற கொஞ்ச நேரம்தான். கருவி இறங்கி ஏறுவதற்கு ரெண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்தைத்தான் வண்டிக்காரர் தரமாட்டேன் என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு அடுத்த தெருவில் வேலை காத்திருக்கு. கேட்க வேண்டியது பணம் கொடுக்கிற நாம்.

இதையே மந்திரம் என்றும் நினைக்காதீங்க. களியும் உப்புத் தண்ணி நிற்கிற மணலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குறைவாகத்தான் காட்டும். அதனால் அஞ்சு, பத்து அடிக்கு ஒருதடவை வெளியே வருகிற மண்ணைத் தனித்தனிப் பையில் போட்டு ஆழம் எழுதி வைக்கணும். தாளையும் பையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் விடை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத வறண்ட குழியில் சாதாரணக் கருவி வேலை செய்யாது, தண்ணி ஊற்றி நிரப்பணும். எத்தனை இஞ்சு தண்ணி கிடைக்கும் என்றும் லாக் சொல்லாது. எங்கே தேடலாம், எங்கே நிறுத்தணும் என்று சொல்லும். எனக்கு 640 அடியில் தேவைப்பட்டது அந்த ரெண்டாவதுதான்.

என் கருத்து இதுதான். போர் அனுமதியோடு லாக் எடுப்பதையும் கட்டாயமாக்கணும், அதன் நகல் பொதுவில் இருக்கணும். புதுச் சட்டம் வேண்டாம். சென்னையில் போர் போட அனுமதி வாங்கணும் என்று 1987லேயே நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தாச்சு. கிராமத்தில் ஊராட்சியிடம் அனுமதி வாங்க 2015 விதிகள் இருக்கு. அந்த விண்ணப்பத்தோடு இன்னொரு தாள், அவ்வளவுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அலுவலகம் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கு. அவர்கள் தங்களுடைய ஆய்வுக் குழிகளில் இதைச் செய்கிறார்கள். ஆனால் தனியார் போடுகிற குழிகள் எத்தனை மடங்கு! ஒவ்வொன்றும் பூமியைத் திறந்து பார்த்த ஒரு கண். பார்த்ததை எழுதாமலேயே மூடிவிடுகிறோம்.

செலவு கூடுமே என்பார்கள். கூடும்தான். ஆனால் வீண் ஆழத்துக்குக் கொடுக்கிற காசில் அது சின்னப் பங்கு. பக்கத்து வீட்டுத் தாள் பொதுவில் இருந்தால் பல பேருக்குப் போர் போடுகிற செலவே மிச்சம்.

தோற்றுப்போன குழிக்கும் இது பொருந்தும். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போர்க்குழியில் குழந்தை விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டப் போனால் பாறை விடவில்லை, மணிக்கணக்காக இழுத்தது. லாக் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. குழியை அன்றைக்கே மூடியிருந்தால் பிழைத்திருக்கும். நான் சொல்வது, நம்ம காலுக்குக் கீழே என்ன இருக்கு என்பதை அவசரத்தில்தான் தேடுகிறோம் என்று. தண்ணி வராத குழியை அளந்து, எழுதி, அன்றைக்கே மூடுங்க. மூன்றும் ஒரே வேலையாக நடக்கணும்.

மந்தைவெளிக் கூட்டத்தில் கடைசியில் ரெண்டு பேர் தேங்காய்க்கும், நாலு பேர் 300 அடிக்கும் நின்றார்கள். செயலாளர் மட்டும் போர் போடுகிறவருக்குப் போன் அடித்து, கேசிங்குக்கு முன்னால் வண்டி நிற்குமா என்று கேட்டார். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல சார். காத்திருக்கிற காசு கொடுத்தா காலையில வரைக்கும் நிக்கிறேன்" என்றாராம். முடிவு இன்னும் ஆகவில்லை, மகள் சொன்னதும் எழுதுகிறேன்.

நீங்கள் போர் போடப் போறீங்கன்னா அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னால் மூணு விஷயம் பேசி எழுதி வாங்கிக்குங்க. மண் மாதிரி ஆழத்தோடு பையில் வேணும். கேசிங்குக்கு முன்னால் லாக் எடுக்க நேரம் வேணும். ஃபில்டர் பைப் எங்கே என்பதைத் தாளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஏற்கெனவே லாக் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் எந்த ஊர், எத்தனை அடியில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்க. அடுத்தவர் வீட்டு வளையலாவது மிஞ்சட்டும்.