அமர்தா ரோடு: ஓடுதளம் உண்டு, பயணி உண்டா?

சென்னையிலிருந்து ஹௌரா மார்க்கத்தில் வந்த தமிழர் எல்லோரும் பாலசோருக்கு வடக்கே அமர்தா ரோடு என்ற சிறு ஸ்டேஷனைக் கடந்தவர்களே. கோரமண்டல் அங்கு நிற்பதில்லை. அந்த ஸ்டேஷனின் பெயரைத் தாங்கிய ராணுவ விமானத் தளம் சற்று உள்ளே, மயூர்பஞ்ச் மாவட்டம் ரஸ்கோவிந்த்பூரில் கிடக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில், பர்மா ஜப்பானியர் வசமிருந்த காலத்தில் இயங்கிய தளம் இது. ஓடுதளத்தின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். போர் விமானிகளுக்கான பயிற்சிப் பிரிவு 1943-ல் இங்கு அமைந்தது. 1945 ஜூலை 26-ல் இரண்டு லிபரேட்டர் விமானங்கள் வானில் மோதியதில் 14 பேர் மாண்டனர். மூன்று வாரத்தில் ஜப்பான் பணிந்தது. தளத்துக்கும் வேலை இல்லாமற் போயிற்று.

இதை மீண்டும் திறக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஜார்சுகுடாவைக் காட்டுகிறார்கள். யுத்தகாலத் தளமான அது 2018 செப்டம்பரில் பயணிகள் விமான நிலையமாயிற்று. ஆனால் அங்கே நிலக்கரி, அலுமினியம், அனல் மின்சாரம் எல்லாம் இருக்கின்றன. டிக்கெட் வாங்க ஆளும் உண்டு. ரஸ்கோவிந்த்பூரைச் சுற்றி நெல் வயல்களும் சாந்தால் கிராமங்களும்தான்.

மானியம் தாங்கும் என்பார்கள். 'உடான்' திட்டத்தின் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 தடங்களில் தொடங்கியவை 371. மூன்றாண்டு மானியக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பின்னும் 2023 மார்ச்சில் ஓடியவை வெறும் 54. இது மத்தியத் தணிக்கைத் துறையின் கணக்கு.

இந்த வட்டாரத்து வாலிபர்கள் தமிழ்நாட்டுக்கு வேலை தேடிப் போவது ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், நின்றபடி. அந்த வண்டிகளில் இன்னும் இரண்டு பொதுப் பெட்டி கோத்தால் ஆகும் செலவையும் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.